தொட்டிச் செடிக்கு ஆடிப்பட்டம் எதற்கு?

கேள்வி, 18 ஜூலை 2023

ஆடி பிறந்துவிட்டது, எல்லாரும் விதைப் பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டீர்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வானம் பார்த்த பூமிக்காரர்கள் சொன்னது. மாடியில் பையில் வளர்க்கிறவன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவன், அதை எதற்குப் பிடித்துத் தொங்க வேண்டும்? நான் எந்த மாதமும் போடுகிறேன், எல்லாம் வருகிறது. மறுப்பவர்கள் பழமொழி சொல்லாமல் காரணம் சொல்லவும்.

18 ஜூலை 2023, இரவு

காரணத்தோடு ஒருவர் வரும்வரை நான் உங்கள் கட்சி. தாம்பரத்துக்குத் தெற்கே சொந்த மாடி, இருபத்தாறு பை, நாலு பெயின்ட் வாளி, பழைய தண்ணீர்த் தொட்டியை இரண்டாக அறுத்ததில் ஒரு பாதி. எங்கள் வீட்டில் பட்டம் பார்க்கிற ஒரே ஆள் அம்மா. தஞ்சாவூர்ப் பாபநாசம் பக்கத்தில் அப்பாவோடு முப்பது வருஷம் வயல் பார்த்தவர். மார்ச் கடைசியில் நான் பந்தல் அவரை போட்டபோது, "பங்குனியில போயி அவரையாடா?" என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கொடி இப்போது பந்தலை மூடிவிட்டு அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பிடித்திருக்கிறது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ ஒன்றுகூட இல்லை. உங்கள் கட்சிதான், ஆனால் கொஞ்சம் ஓரமாக நிற்கிறேன்.

19 ஜூலை

விட்டுப்போனது. வெண்டை, கத்தரி, கீரை எதுவும் என்னிடம் மாதம் கேட்டதில்லை. அவரைதான் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மீன் அமிலம் அதிகம் ஊற்றிவிட்டேன், தழைச்சத்து ஏறி எல்லாம் இலையாகப் போகிறது என்பது இன்றைய என் முடிவு.

23 ஜூலை

மீன் அமிலம் எப்படி என்று கேட்டவருக்கு: மீன் கழிவும் வெல்லமும் சம எடை, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மூடி வைத்து நாற்பது நாள் கழித்துத் திறந்தால் தேன் மாதிரி இருக்கும், வாடையும் அவ்வளவு மோசமில்லை. லிட்டருக்கு 5 மில்லி போதும். நாற்பது நாளைக்கு முன்னால் பூனை தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அம்மா இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. பையன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் புழு எண்ணிவிட்டு வந்தான்.

அவரையின் நுனியைக் கிள்ளிவிட்டேன். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். அடுப்புச் சாம்பலும் போட்டாயிற்று. பார்ப்போம்.

3 ஆகஸ்ட் 2023

பார்த்தேன். நுனி கிள்ளிய இடத்தில் மூன்று கிளை வந்து, மூன்று மடங்கு இலை.

இன்று ஆடிப்பெருக்கு. ஊரில் இருந்தால் ஆற்றங்கரை. இங்கே மாடியில் நிழல்வலைக்கு அடியில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும். சாப்பிட்டுக் கை கழுவின கையோடு அம்மா, என் கொடிக்குப் பக்கத்துப் பையில் அதே விதையில் நாலு எடுத்து ஊன்றினார். ஏன் என்று கேட்டேன்.

"ஆடியில மழை பெய்யும்னா போடுறோம்? ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள வேரு எறங்கி, தண்டு தடிச்சிருக்கணும். பச்சப்புள்ளையா இருக்கறப்ப அடிச்சா அழுகிப்போயிரும்."

கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். நாம் இருவரும் பட்டம் என்றால் ஆடியில் கிடைக்கிற தண்ணீர் என்று நினைத்திருந்தோம். அம்மா கணக்கில் அது மூன்று மாதம் கழித்து வரப்போகிற தண்ணீரிலிருந்து தப்பிக்க. சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிடுகிறது. குழாய் நம் கையில் இருக்கலாம், அந்த மழை நம் கையில் இல்லை. மாடி என்றாலும் அது தலையில்தான் விழுகிறது.

கட்சி மாறவில்லை. யோசிக்கிறேன்.

9 ஆகஸ்ட்

ஆடிக்காற்றில் அம்மி பறக்கவில்லை. நிழல்வலை பறந்து மூன்றாவது வீட்டுத் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டது. திரும்பத் தந்தவர் கையோடு ஒரு கட்டு கறிவேப்பிலை கேட்டார், நியாயம்தான்.

17 செப்டம்பர் 2023

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றி. போன மாதம் ஒரு கிளை மொட்டையாக நின்றது. பார்த்தால் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று. தட்டிவிடப் போனேன், அது நகர்ந்தது. வண்ணத்துப்பூச்சிப் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் போலவே வேஷம், வளர்ந்தபின் இலைப் பச்சை. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். நாலாம் வகுப்புப் படிக்கிற பையனுக்கு அன்றிலிருந்து வேறு வேலை இல்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு புழு, வாய்க்கு வலைத்துணி, தினம் புது இலை. மனைவி சமையலுக்கு ஒரு இணுக்கு கிள்ளினால்கூட, "அம்மா, அது அதோட சாப்பாடு" என்று சண்டை. இரண்டும் கூடு கட்டி, பத்து நாளைக்குள் இன்று காலை வெளியே வந்தன. ஒன்று கறுப்பு இறகில் வெள்ளைப் பொட்டு வரிசை. இன்னொன்றில் சிவப்புப் பொட்டுகள். ஒரே செடி, ஒரே பாட்டில், இரண்டு ஜாதியா?

18 செப்டம்பர்

இல்லையாம், ஒரே ஜாதி. ஒன்பதாவது படிக்கிற பெண் பள்ளி நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். கறுப்பு வெள்ளை ஆண். சிவப்புப் பொட்டு பெண், அதுவும் வேஷம். ஆடுதின்னாப்பாலை தின்று வளர்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சி கசக்கும், பறவைகள் அதைத் தொடாது. இந்தப் பெண் பூச்சி அதைப்போல உடுத்திக்கொண்டு திரிகிறது. எச்சம் வேஷத்தில் தொடங்கி இது இரண்டாவது வேஷம். அம்மா கேட்டுவிட்டு, "ஆம்பளைக்கு வேஷம் போட வேண்டிய அவசியம் இல்லபோல" என்றார். மனைவி சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவரை? அம்மாவின் நாலு கொடியும் பந்தல் விளிம்பைத் தொட்டுவிட்டன. என்னுடையது ஆறு மாதமாக இலைதான். பட்டாணிக்கடலை அளவு மொட்டுகூட இல்லை.

26 அக்டோபர் 2023

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, அடைமழையைக் காணோம். "அடைமழைக்குத் தப்பிக்க" என்று அம்மா சொன்னதை வைத்து நான் கேலி செய்ய வாய் எடுத்தேன். "கார்த்திகை இருக்குடா" என்றார்.

2 நவம்பர் 2023

பூத்துவிட்டது. என் பங்குனிக் கொடியில் ஒரு கதிர், ஊதாப் பூ. அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பார்த்தேன், சட்டையில் எறும்பு ஏறுவது தெரியாமல் நின்றேன். ஏழு மாதம்! எல்லாரையும் மேலே கூப்பிட்டேன்.

பையன் வந்ததும் அம்மாவின் கொடியைக் காட்டினான். அதிலும் பூ. மூன்று கதிர்.

ஏழு மாதக் கொடியும் மூன்று மாதக் கொடியும் ஒரே வாரத்தில் பூக்கின்றன. நான் ஊற்றிய தண்ணீர், மீன் அமிலம், பூனைச் சேதாரம் எல்லாவற்றுக்கும் கணக்கெழுதுகிறவன் நான் (தொழிலே அதுதான்). மொத்தமும் நஷ்டம்.

5 நவம்பர் 2023

காரணம் கேட்டீர்களே, பழமொழி இல்லாமல். இதோ.

பந்தல் அவரை நாளைப் பார்த்துப் பூக்கிற செடி. பகல் குறுகி இரவு ஓர் அளவுக்குமேல் நீண்டால்தான் மொட்டுவிடும். அதுவரை எத்தனை மாதம் ஆனாலும் இலை விட்டுக்கொண்டே இருக்கும். பழைய நாட்டு ரகங்கள் பெரும்பாலும் இப்படி. சிறகவரையும் இதே குணம். குத்துச்செடி அவரை என்று விற்பது வேறு, அதைப் பகல் பொழுதைச் சட்டை செய்யாத மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "எங்கள் வீட்டில் சித்திரையில் காய்த்ததே" என்று எழுதியவர் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும், கொடி எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள்.

நம் ஊரில் பகலும் இரவும் எப்போதும் ஒன்றுதானே என்று பெண்ணிடம் கேட்டேன். செய்தித்தாளில் சூரிய உதயமும் மறைவும் பார்த்துக் கூட்டிக் கழித்தாள். சென்னையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். நமக்கு அது உறைப்பதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்க்கிறோம். அவரைக்கு உறைக்கிறது.

ஆக, எந்த மாதம் போட்டாலும் அவரை வரும், ஆனால் ஐப்பசியில்தான் பூக்கும். ஆடியில் போட்டால் காத்திருப்பு மூன்று மாதம், பங்குனியில் போட்டால் ஏழு. அம்மாவுக்கு இந்தப் பகல் கணக்கெல்லாம் தெரியாது. தேவையும் இல்லை. கட்சி மாறிவிட்டேன்.

7 டிசம்பர் 2023

மின்சாரம் நேற்று இரவுதான் வந்தது. போன் சார்ஜ் ஏறியதும் முதலில் வீட்டாருக்கு, அடுத்து இங்கே.

ஞாயிறு சாயங்காலமே பைகளை மூலைக்கு இழுத்தோம். நனைந்த பை ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். நானும் பெண்ணும் பதினாறு பை நகர்த்தினோம், அதற்குள் காற்று நிற்கவிடவில்லை. மிச்சாங் புயலின் மழை இரவு முழுக்க, திங்கட்கிழமை பகல் முழுக்க. காலையில் மாடிக் கதவைத் திறந்தால் கணுக்கால் தண்ணீர். கவிழ்ந்த பைகளிலிருந்து தேங்காய்நார்த் தூள் மிதந்துபோய் வடிகுழாய் வாயை அடைத்திருந்தது. பெண் முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கட்டியை இழுத்தாள். "சளக்" என்று ஒரு சத்தம், தண்ணீர் சுழன்று இறங்கியது. கூடத்து மேல்சுவரில் ஒரு வட்டம் ஊறியிருக்கிறது. அதைப் பற்றி மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

தெருவில் முழங்கால் அளவு. எங்களுக்கு மாடியாவது இருந்தது. கீழே தரைத்தள வீட்டில் இருந்தவர்கள் இரண்டு ராத்திரி எங்கள் கூடத்தில் படுத்தார்கள். பேச்சுவாக்கில் அவர்களும் செடி வைப்பவர்கள் என்று தெரிந்தது. ஒரே தெருவில் பதினோரு வருஷம்.

பந்தல் சவுக்குக் கம்போடு சாய்ந்துவிட்டது. அம்மாவின் நாலு கொடியில் இரண்டு அடியோடு முறிந்தன. என் பங்குனிக் கொடி, கட்டை விரல் தடிமன் தண்டு, ஒன்றும் ஆகவில்லை. வெற்றியை அறிவித்தேன். அம்மா சொன்னது: "ஒம்போது மாசம் தண்ணி குடிச்சதுக்கு இதாவது செய்யட்டும்."

முன்னால் எழுதியதைத் திருத்த வேண்டும். "மொத்தமும் நஷ்டம்" என்றேன். மொத்தமும் இல்லை.

8 டிசம்பர்

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்று யாரோ மேலே பழமொழி போட்டிருக்கிறார்கள். கார்த்திகை 16 டிசம்பர் வரை இருக்கிறது ஐயா.

16 ஜனவரி 2024

பொங்கல் குழம்பில் எங்கள் அவரை. பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, மொச்சை கடையில் வாங்கியது. சாய்ந்த பந்தலைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டியதால் காய் பறிக்க எட்டுகிறது, பையனுக்கு வசதி. இதுவரை நாலரை கிலோ. மழை விட்டதும் பூ பொங்கிவிட்டது.

இனி ஒரு குற்ற ஒப்புதல். பனி விழ ஆரம்பித்ததும் கதிர்களில் கறுப்பு அசுவினி அப்பிக்கொண்டது, எள் தூவினமாதிரி. அதன் நடுவே குட்டி முதலை மாதிரி நீளமாக, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு ஜந்து. பார்க்கவே பயங்கரமாக இருந்ததால் அதைத்தான் முதலில் நசுக்கினேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். இந்த இழையில் இரண்டு பேருக்கு அப்படிச் செய்யச் சொல்லியும் கொடுத்தேன்.

அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்தது. நசுக்குவதை நிறுத்துங்கள். பையன் அன்றிலிருந்து என்னை "கொலைகாரப் பாவி" என்று கூப்பிடுகிறான், அப்பாயி சொல்லிக்கொடுத்த சொல்.

வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியதிலேயே பாதி அசுவினி போய்விட்டது. மிச்சத்துக்கு வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல்.

24 பிப்ரவரி 2024

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் குண்டுமல்லி துளைத்துக்கொண்டிருக்கிறது. கார்த்திகை கடைசி, மார்கழிக்குள் கவாத்து செய்திருக்க வேண்டும். புயல் சாக்கில் மறந்துவிட்டேன். போன வாரம் ஞாபகம் வந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, மொட்டு கட்டற நேரத்துல மொட்டை போட்டிருக்கீங்க" என்றாள். பங்குனியில் கை நிறையப் பூக்க வேண்டிய செடி. மதுரைப் பக்கத்தில் மல்லிகை வைத்திருப்பவர்கள் டிசம்பரில் ஏன் கத்தரியோடு திரிகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

கேள்வி கேட்டவரே, பார்த்தீர்களா, விதைப்பதற்கு மட்டுமில்லை, வெட்டுவதற்கும் பட்டம் இருக்கிறது.

10 மார்ச்

சுரைக்குக் கையால் மகரந்தம் வைப்பதைக் காலையில் செய்யச் சொல்லி எழுதியிருந்தேன். தப்பு. காலையில் விரிவது பூசணி, பரங்கி. சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும், வெள்ளைப் பூ, அந்திப்பூச்சிகளுக்காக. பெண் டியூஷன் முடித்து வந்து போன் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறாள். ஐந்து வைத்தாள், நாலு பிடித்தது. நான் காலையில் வைத்த எட்டும் வெம்பி விழுந்தன.

14 ஏப்ரல் 2024

வேப்பம்பூப் பச்சடி. பூ எங்கள் தெரு முனை மரத்தில் பையன் வேட்டி விரித்துப் பிடித்தது. மாங்காய் பின்வீட்டாருடையது. வெல்லம் மட்டும் எங்களுடையது.

தக்காளி பூ உதிர்கிறது என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் கூட்டாதீர்கள், உரம் கூட்டாதீர்கள். பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் ஆறாமல் இருந்தால் அதன் மகரந்தம் வீணாகிப் பூ காம்போடு கழன்றுவிடும். செடியைக் காப்பாற்றி வையுங்கள், அல்லது பிடுங்கிவிட்டு வெண்டை போடுங்கள். வெண்டைக்கு இந்த வெயில் விருந்து. வெள்ளை ஈ வந்து நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடினால் மட்டும் அந்தச் செடியை உடனே பிடுங்குங்கள். பாவம் பார்த்து நான் ஒன்றை விட்டுவைத்தேன், பதினைந்து நாளில் வரிசை முழுக்க மஞ்சள்.

11 மே 2024

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம். மாடித் தரையில் வெறுங்காலோடு மூன்று எட்டு வைக்க முடியாது. காலை ஆறுக்கு ஒரு தண்ணீர், சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. இது குழாய்த் தண்ணீர் இல்லை, வாரத்துக்கு இரண்டு லாரி வாங்குகிறோம். அரிசி களைந்தது, பருப்பு கழுவினது, ஏசியிலிருந்து சொட்டுவது எல்லாம் வாளியில். "குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவன்" என்று கேள்வியில் இருக்கிறதே, அந்த வரியை இன்று படித்துப் பெருமூச்சு விட்டோம்.

நிழல்வலையை இன்னும் நாலடி இழுத்துக் கட்ட வேண்டும். முடியாது. வலைக்கயிற்றில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. சிலந்திவலையும் நாரும் குப்பையும் சேர்த்துத் தொங்கவிட்ட பை, பார்த்தால் காற்றில் மாட்டிய சருகு. பக்கவாட்டில் ஒரு வாசல், மேலே சின்னத் தாழ்வாரம்கூட. உள்ளே இரண்டு முட்டை, பெண் போனை உயர்த்திப் படம் எடுத்துப் பார்த்தாள் (ஒரே தடவை, மறுபடி கூடாது என்று அம்மா கண்டித்துவிட்டார்). ஒரு மாதம் அந்தக் கயிற்றை யாரும் தொடக் கூடாது. கத்தரி இரண்டு பை வெயிலில் காய்கிறது. காயட்டும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. மனைவிக்கு ஆத்தூர்ப் பக்கம். மாவுப்பூச்சி என்றாலே மாமனார் 2009இல் மரவள்ளி இழந்த கதை வரும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்தடித்து அடங்கவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவைவிடச் சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுத் தீர்த்துக்கட்டியது. இப்போது மாமனார் எந்தக் குளவியையும் அடிக்க விடுவதில்லை, மனிதனைக் கொட்டுகிற பெரிய குளவி உட்பட.

செம்பருத்திக்கு நான் செய்தது: எறும்பு ஏறாமல் தண்டில் கிரீஸ் தடவிய துணி சுற்றினேன். எறும்புதான் அதைச் சுமந்து காவல் காக்கிறது. பாதி குறைந்தது.

9 ஜூன்

தேன்சிட்டுக் குஞ்சு இரண்டும் பறந்துவிட்டன. வலையை இழுத்துக் கட்டினோம். கத்தரி பிழைக்கவில்லை.

21 ஜூலை 2024

மறுபடி ஆடி. இழை ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. கேள்வி கேட்டவர் நேற்று வந்து, "நான் இந்த வருஷமும் மாதம் பார்க்காமல்தான் போட்டேன், தினம் கீரை பறிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

உண்மை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிக்கிற சரக்கு, அதற்குள் எந்தக் காலமும் மாறிவிடாது. அரைக்கீரை, பொன்னாங்கண்ணியும் அப்படித்தான், வெட்ட வெட்டத் துளிர்க்கும். கத்தரிகூட முனகிக்கொண்டு காய்க்கும். ஆனால் நீங்கள் போடுவது கீரையும் வெண்டையும்தான் என்று இந்த ஒரு வருஷப் பதிவுகளைப் படித்தபின் தெரிகிறது. கொத்தமல்லியைச் சித்திரையில் போட்டுப் பாருங்கள், இலை வருவதற்குள் பூத்துவிடும். அதனால் பாதிக் கட்சி திரும்பி வருகிறேன். கீரைக்கு உங்கள் பக்கம், கொடிக்கு அம்மா பக்கம்.

இந்த வருஷம் அவரை ஆறு விதை, அம்மா கையால். பங்குனியில் நான் ஒன்றும் போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, புயலுக்கு ஒரு தடித்த கொடி.

15 அக்டோபர் 2024

வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரியில் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் பைகளை வரிசையாக இறக்கி நிறுத்தியிருக்கிறோம். வடிகுழாய்க்குப் பழைய காபி வடிகட்டி. போன வருஷ வட்டத்துக்கு மேல் வெள்ளையடித்து மூன்று மாதம்தான் ஆகிறது.

6 நவம்பர் 2024

அவரை பூத்தது 31 அக்டோபர், தீபாவளி அன்று. போன வருஷத்துக்கு இரண்டு நாள் முன்னால். ஆனால் ஒரு விசித்திரம். பந்தலின் வீட்டுப்பக்கப் பாதி முழுக்க ஊதாக் கதிர். தெருப்பக்கப் பாதியில் ஒன்றுமில்லை. ஒரே கொடிதான் இரு பக்கமும் ஓடுகிறது. கொடியின் வால் பூக்கிறது, இடுப்பு பூக்கவில்லை. தெருப்பக்கத்துக்கு வெயிலும் கூடுதல்.

பூச்சியா? வேரா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

7 நவம்பர்

பையன் கண்டுபிடித்தான். ராத்திரி மாடிக்குப் போய்ப் படித்துக்கொண்டு இருந்தான், மாடி விளக்குப் போடாமல். "எப்படிடா எழுத்து தெரியுது?" என்றேன். தெருவைக் காட்டினான்.

ஆவணியில் எங்கள் வாசலுக்கு நேரே புது எல்இடி விளக்கு போட்டார்கள். வெள்ளை வெளிச்சம், பந்தலின் தெருப்பக்கம் பட்டப்பகல். அவரை எண்ணுவது இரவை. அந்தப் பக்கத்து இலைகளுக்கு ஆவணியிலிருந்து இரவே வரவில்லை. அதற்கு இன்னும் ஆனி மாதம்தான் நடக்கிறது.

போன நவம்பரில் பகல் குறுகுவது காரணம் என்று எழுதினேன். இருட்டு நீள்வது என்று திருத்திப் படிக்கவும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், விளக்குக் கம்பம் வந்தபின் ஒன்றில்லை.

10 நவம்பர் 2024

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டை மடித்துத் தெருப்பக்கம் திரையாகக் கட்டியிருக்கிறோம். சாயங்காலம் ஆறுக்கு இறக்குவது பையன் வேலை, காலையில் ஏற்றுவது அம்மா. எதிர்வீட்டு அக்கா, "மாடியில யாராச்சும் குடிவந்திருக்காங்களா?" என்று கேட்டார். அவரைக்குத் தூக்கம் வரவில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

29 நவம்பர் 2024

புயல் வருகிறது, ஃபெஞ்சல் என்று பேர். சேலையை அவிழ்த்துவிடலாம், காற்றில் பாய்மரம் மாதிரி பந்தலை இழுத்துவிடும் என்று மேலே போனேன். திரைக்குப் பின்னால் தெருப்பக்கக் கொடியில் மொட்டு. எண்ணியவரை ஒன்பது கதிர், அரிசிப் பருமன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சேலையை அவுரு. இன்னிக்கு எப்படியும் கரண்டு போயிரும், வெளக்கு எரியாது" என்றார்.

அவிழ்த்தாயிற்று. பந்தலை நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் கைப்பிடிச் சுவரோடு கட்டியிருக்கிறோம். வடிகுழாயில் கை விட்டுப் பார்த்தாள் பெண், சுத்தமாக இருக்கிறது.